கேட்காரனுக்கும் டிக்கெட்

ஏற்காட்டில் ஓர் எஸ்டேட்காரர் நடத்தும் பூந்தோட்டத்தின் கேட்டில் டிக்கெட் கிழிப்பது என் வேலை. ஆளுக்கு நாற்பது ரூபாய். வெளியூர்க்காரர்கள் பேரம் பேசினால் வாயைத் திறக்காமல் போர்டைக் காட்டுவேன். எனக்குப் பேச்சு அவ்வளவுதான் வரும். ஜீப் ஓட்டுகிறவர்கள், லாட்ஜில் சமைக்கிறவர்கள், மற்ற கேட்டுகளில் நிற்கிறவர்கள் குடும்பத்தோடு வந்தால் மட்டும் டிக்கெட் கேட்கமாட்டோம். "நம்மாளுங்க" என்று ஒரு தலையசைப்பு போதும். நானும் என் மனைவியும் ஏரியில் படகு ஏறியதும் அப்படித்தான். நுழைவுக் கட்டணம் என்று நான் எங்கேயும் ஒரு ரூபாய் கொடுத்ததில்லை. எல்லா ஊரிலும் இப்படித்தான் நடக்கும் என்று நினைத்திருந்தேன்.

போன வருடம் என் மச்சினிச்சி மகள் கல்யாணத்துக்காகச் சென்னைக்குப் போனோம். அங்கே கடற்கரைச் சாலையில் ஒரு மீன் பூங்கா இருக்கிறது. கண்ணாடிக் குகைக்குள் நடந்தால் தலைக்கு மேலே கடல் மீன்கள் நீந்துமாம். பக்கத்து வீட்டுக்காரியின் போனில் அந்த வீடியோவைப் பார்த்ததிலிருந்து என் மனைவிக்கு அதே நினைப்பு. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் வாய்விட்டுக் கேட்டது இரண்டே இரண்டு. முதலாவது மிக்சி.

"ஏனுங்க, காசு நொம்ப ஆகுமுங்களா?"

"அதெல்லாம் நான் பேசிக்கறேன் புள்ள" என்றேன்.

நான் பேசிக்கொள்வதாகச் சொன்னதே அவளுக்கு ஆச்சரியம். மறுநாள் டவுன் பஸ்ஸில் போகும்போது, சொல்ல வேண்டியதை மனசுக்குள் பலமுறை ஒத்திகை பார்த்தேன்: "நாங்களும் கேட்ல நிக்கறவங்கதானுங்க."

பூங்கா வாசலில் போர்டைப் பார்த்தேன். ஆளுக்கு எழுநூறு ரூபாய். தப்பாகப் படித்துவிட்டேனோ என்று மறுபடி படித்தேன். அந்தப் பணத்துக்கு எங்கள் தோட்டத்துக்குள் பதினேழு பேர் போய் வரலாம். கல்யாணத்தில் மொய் வைத்தது போக, ஊர் திரும்பும் பஸ் காசை ஒதுக்கினால், என்னிடம் எண்ணூறு சொச்சம்தான் இருந்தது.

"எத்தனை பேர் சார்?" என்றாள் கவுண்டரில் இருந்த பெண்.

நேராகக் கேட்டில் நின்ற செக்யூரிட்டியிடம் போனேன். என் வயதுதான் இருக்கும், நரைத்த மீசை. ஒத்திகை பார்த்ததைச் சொன்னேன். அவருக்குக் காதில் விழவில்லை. காதெல்லாம் சூடேற, இன்னொரு தடவை சொன்னேன்.

அவர் சிரித்தார். "அண்ணே, நானும் கேட்காரன்தான். இங்க நிக்க ஆரம்பிச்சு ஒரு வருசம் ஆச்சு. உள்ள ஒரு நெத்திலியக்கூடப் பாத்ததில்ல. பாக்கணும்னா எனக்கும் டிக்கெட்டுதான்."

"விளையாடாதீங்க" என்றேன்.

"சத்தியமாண்ணே. நாங்க காண்ட்ராக்ட் ஆளு. இந்தக் கம்பியத் தாண்டக்கூடாது."

எழுநூறு ரூபாயை விட இதைக் கேட்டுத்தான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் தோட்டத்தில் எந்தச் செடி எந்த வாரம் பூக்கும் என்று எனக்குத் தெரியும். முதல் பூவைப் பார்க்கிறவனே நான்தான். ஒரு மனிதன் வருடம் முழுக்க வாசலில் நின்றும் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் இருப்பானா?

மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "வாங்க, ஊட்டுக்குப் போலாம். மீனு எங்க ஓடிப்போயிரப் போவுது?" சொல்லும்போதே அவள் கண் சுவரில் வரைந்திருந்த பெரிய மீன் மேல் இருந்தது.

போய் ஒரு டிக்கெட் வாங்கி வந்து அவள் கையில் வைத்தேன்.

"ஐயோ, நானொருத்தியா? நீங்க போய்ட்டு வாங்க. நான் இப்பிடி ஒக்காந்துக்கறேன்."

சேலம் பஸ் ஸ்டாண்டில்கூடத் தனியாக நிற்கப் பயப்படுகிறவள் அவள். எனக்கு வற்புறுத்தத் தெரியாது. திரும்பி நின்றுகொண்டேன். செக்யூரிட்டிதான் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே, "தைரியமா போங்கம்மா, கடிக்கிற மீனெல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்" என்றார்.

ஒரு மணி நேரம் ஆனது. அவளுக்குப் பின்னால் போனவர்களெல்லாம் வெளியே வந்துவிட்டார்கள். இரண்டு மணி நேரம் ஆனது. செக்யூரிட்டியிடமே போய்க் கேட்டேன்.

"கண்ணாடி கிண்ணாடி ஒடஞ்சிருக்குமுங்களா?"

"ஒடஞ்சா மொதல்ல நனையறது நாமதாண்ணே" என்றார்.

ஒருவழியாக வந்தாள். செருப்பு இரண்டும் கையில் இருந்தது. தரை பளபளவென்று இருந்ததாம், மிதிக்க மனசு வரவில்லையாம்.

"எங்க புள்ள போன இத்தன நேரம்?"

"ரெண்டு தடவ பாத்தனுங்க. முடிஞ்சதும் திலும்ப மொதல்லருந்து நடந்தேன். உங்களுக்குச் சொல்லோணுமில்ல? ஒருக்கா பாத்தா எனக்கு ஞாபகம் நிக்காதுங்க."

அங்கேயே, கேட்டை மறித்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள். முந்தானையை இரண்டு கையாலும் தலைக்கு மேல் விரித்துப் பிடித்தாள். "இத்தாச்சோடு மீனுங்க. சாக்கு விரிச்சாப்புல தட்டையா. வாயி அடிப்பக்கம் இருக்குது. மேல போறப்ப நம்மளப் பாத்துச் சிரிக்கறாப்புலயே இருக்குது." அசலூர் ஆண்கள் முன்னால் அவள் இத்தனை சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

வரிசையில் நின்ற ஒரு குடும்பம் டிக்கெட்டை நீட்டியது. செக்யூரிட்டி அதை வாங்கினார், ஆனால் கிழிக்கவில்லை.

"அப்புறம்?" என்றார் அவளிடம்.