விபத்துப் பதிவேட்டில் ஓர் இருமல்

அடுத்தவன் செய்த தப்பைப் புகார் செய்யத் தோட்டத்தில் எல்லா வழியும் இருந்தது. வேலை வாங்கும் மண்டோர் கைநீட்டினால் ஒரு வழி, வீட்டுக் கூரை ஒழுகினால் ஒரு வழி. "நான் தப்புச் செய்தேன், என்னோடு சேர்ந்து டாக்டரும் செய்தார்" என்று சொல்வதற்கு மட்டும் எந்தப் படிவமும் கிடையாது. தோட்ட ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு, ஊசி மருந்து கொடுக்கும் டிரஸ்ஸராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எதற்கு எத்தனை பிரதி, எது எத்தனை நாளில் போக வேண்டும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஆகவே, தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்கிற வசதி எனக்கில்லை. என் கோபத்தில் பாதி அதனால்தான்.

மீதிப் பாதி டாக்டர்மேல். எண்பதுகளின் தொடக்கம், மலேசியாவில் பெடாஸ் பக்கத்துத் தோட்டம். வாரத்தில் ஒருநாள், புதன்கிழமை, சிரம்பானிலிருந்து காரில் வருவார். அரைமணி நேரத்தில் மொத்தத் தோட்டத்தின் நோயையும் பார்த்து முடிப்பார். சிரம்பானில் அவருக்குச் சொந்தமாக கிளினிக் இருந்தது. அதற்கு அடுத்த தெருவில் எக்ஸ்ரே எடுக்கும் கடை ஒன்று, மனைவி பெயரில். குடும்பத்துக்குச் சொந்தமான இடத்துக்கு நோயாளியை அனுப்பக் கூடாது, அனுப்பினால் நிர்வாகத்துக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும் என்று அவருடைய ஒப்பந்தத்திலேயே இருந்தது. அதை டைப் அடித்தவனும் நான், கோப்பில் போட்டு வைத்தவனும் நான்.

ஒரு புதன்கிழமை, அந்தக் கடையின் பெயர் அச்சிட்ட துண்டுச் சீட்டுக் கட்டு ஒன்றை என்னிடம் கொடுத்தார். ஒவ்வொரு துண்டிலும் அடியில் அவர் கையெழுத்து முன்கூட்டியே போட்டிருந்தது.

"நான் இல்லாதப்ப யாருக்காச்சும் தேவைன்னா நீங்களே பேர் எழுதி, பக்கத்துல நீங்களும் சைன் பண்ணி அனுப்பிடுங்க மிஸ்டர். உங்களுக்குத் தெரியாததா?"

அந்தக் கடைசி வார்த்தையில் நான் விழுந்தேன். டாக்டர் நம்மை டாக்டராகவே நினைக்கிறார் என்று நெஞ்சு நிமிர்ந்தது. எழுதினேன், கையெழுத்துப் போட்டேன், அனுப்பினேன்.

அப்படிப் போனவர்களில் ஒருத்தி களைக்கு மருந்தடிக்கும் கூட்டத்துப் பெண். முப்பது வயதிருக்கும். இருமல். ஒரே வருடத்தில் மூன்று முறை அவளைத் தோட்டத்து லாரியில் ஏற்றிவிட்டேன். மூன்று முறையும் அதே முடிவுதான் வந்தது: லேசான நிழல், மூன்று மாதம் கழித்து மறுபடியும் படம் எடுக்கவும். செய்ய வேண்டியது என்ன என்று எனக்குத் தெரியும். மூன்று நாள் காலையில் வரும் சளியைப் பாட்டிலில் பிடித்து அரசாங்க நெஞ்சுநோய் கிளினிக்குக்கு அனுப்ப வேண்டும். பாட்டில்கள் என் அலமாரியில் பெட்டி பிரிக்காமல் இருந்தன. ஆனால் அங்கே அனுப்ப டாக்டரின் கையெழுத்து வேண்டும். கேட்டேன்.

"அடுத்த படத்தையும் பார்த்துடுவோமே. என்ன அவசரம்?" என்றார்.

நீயே பஸ் பிடித்துப் போ என்று அவளிடம் சொல்லியிருக்கலாம். துண்டில்லாமல் போனால் வேலைக்கு வராத நாள் என்று விழும். அதைக்கூட நான் பேசிச் சமாளித்திருப்பேன். டாக்டருக்குத் தெரிந்துவிடும் என்று பயந்தேன். அதுதான் உண்மை.

நான்காவது படம் எடுத்துவிட்டு வந்தவள், கடைசிப் பெண்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். பிள்ளை இருமியது.

"இவளுக்கும் படம் எடுக்கணுமாங்கையா? நாளைக்கு லாரி இருக்காம்" என்றாள், முகத்தில் துளிச் சந்தேகம் இல்லாமல்.

அன்று மாலையே, நானும் டாக்டரும் செய்ததைச் சொல்லி மேனேஜருக்குக் கடிதம் எழுதினேன். அவரும் டாக்டரும் சி ரூசா கடற்கரையில் சேர்ந்து மீன் சுட்டுத் தின்கிறவர்கள். படித்துவிட்டு மேசை டிராயருக்குள் போட்டார். அதன்பிறகு அந்தக் கடிதத்தை யாரும் பார்க்கவில்லை.

டிராயரில் போட முடியாத காகிதம் தோட்டத்தில் ஒன்றே ஒன்றுதான். விபத்து அறிக்கை. பக்க எண் அச்சிட்ட பதிவேட்டில் அதற்கு நம்பர் விழுந்துவிட்டால் ஒரு பிரதி தொழிலாளர் இலாகாவுக்குப் போயே ஆக வேண்டும். அவள் பெயருக்கு ஒன்றை நிரப்பி எடுத்துக்கொண்டு, ஆபீஸ் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணியிடம் போனேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார்.

"விபத்து நடந்த இடம், தோட்ட ஆஸ்பத்திரி. காயம், நெஞ்சு. விபத்துக்குக் காரணம்..." நிறுத்தினார். "என்னய்யா, உங்க பேரப் போட்டிருக்கீங்க?"

"டாக்டர் பேரும் இருக்கு. கீழ பாருங்க."

"மொதல்ல உங்க பேருதானே நிக்குது. புள்ளைங்க படிக்குதுங்க லா, கொஞ்சம் யோசிங்க."

"நம்பர் போடுங்க."

"இருமலெல்லாம் விபத்துன்னா எங்க மாமியாளுக்கு வருசம் பூரா விபத்துதான்."

"விபத்தா இல்லையான்னு இலாகா சொல்லட்டும். ரிப்போர்ட் வந்தா நம்பர் போடுறதுதான் உங்க வேலை."

திட்டிக்கொண்டே போட்டார்.

அடுத்த புதன்கிழமை டாக்டர் நோயாளிகளைப் பார்க்கும் முன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஒவ்வொரு துண்டுலயும் உங்க கையெழுத்தும் இருக்கு, தெரியுமில்ல?"

"அதத்தான் டாக்டர் நானும் எழுதியிருக்கேன்."

துண்டுக் கட்டை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். பயந்துவிட்டார் என்று எழுத ஆசைதான். பயப்படவில்லை.

இலாகாவிலிருந்து ஒரு மலாய்க்கார அதிகாரி வந்தார். மரியாதையான மனிதர். "லுக்கா மானா?" காயம் எங்கே என்று கேட்டார். அவளைக் கூப்பிட்டு நிறுத்தினேன். அவள் இருமி முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு, இது விபத்து ஆகாது என்று எழுதினார். எழுதிவிட்டு, நான் எதிர்பார்த்திருந்த அடுத்த வரியையும் எழுதினார்: கோப்பை மூடும் முன் சம்பந்தப்பட்டவரை அரசாங்க டாக்டர் பரிசோதிக்க வேண்டும். பிள்ளையின் பெயரையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன். சேர்த்தார்.

அவள் சளியில் காசநோய்க் கிருமி இருந்தது. பிள்ளைக்கும் தொற்றியிருந்தது.

தலைமை அலுவலகம், தானாக முன்வந்து தெரிவித்ததற்கு நன்றி என்று எனக்கு எழுதியது. அதே கடிதத்தின் இரண்டாவது பத்தியில், ஆஸ்பத்திரியில் ஒரு கட்டில்கூட இல்லாத சின்னத் தோட்டத்துக்கு என்னை மாற்றியது. டாக்டருக்கு ஆலோசனை வழங்கப்பட்டதாம். கடை மனைவி பெயரிலிருந்து மைத்துனர் பெயருக்கு மாறியது. புதன்கிழமைகளில் அவர் கார் வழக்கம்போல வந்தது. இதை எழுதும்போதும் எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது.

மாற்றலுக்கு முன் இரண்டு மாத அவகாசம் இருந்தது. அவளுக்குத் தினமும் ஊசி போட வேண்டியிருந்ததால் நானே போட்டேன். உடம்பு தேறத் தொடங்கியது. ஒருநாள் ஊசி போட்ட பிறகு புடவையைச் சரிசெய்துகொண்டே கேட்டாள்.

"அந்த நாலு படத்துல ஒண்ணுலகூடத் தெரியலயாங்கையா?"

"தெரிஞ்சுது."

புடவையை விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"தெரிஞ்சும் லாரியில ஏத்திவிட்டீங்க" என்றாள்.

பிள்ளையின் மாத்திரையை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, பிள்ளையை முன்னால் நடக்கவிட்டுப் போனாள். மறுநாளும் சரியான நேரத்துக்கு வந்தாள். ஊசியைப் போட்டுக்கொண்டாள். நான் கிளம்பும் நாள்வரை ஒருநாள் தவறவில்லை. ஒரு வார்த்தை பேசவும் இல்லை.