அத்தா நுழையாத ஷார்ஜா வீடு

நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். "ஷார்ஜா எப்படி?" என்று யார் கேட்டாலும் அம்மா "சூப்பர்" என்று சொல்லிவிடுகிறார். பெரம்பலூர், அரியலூர் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு போக நினைப்பவர்களுக்கு அந்த ஒரு சொல் போதாது.

நான் பிறப்பதற்கு முன்பிருந்தே என் அப்பா, எங்கள் பேச்சில் அத்தா, அங்கே ஒரு மளிகைக் கடையில் வேலை பார்க்கிறார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவார். நான் கூச்சம் விட்டுப் பேசத் தொடங்கும்போது லீவு முடிந்துவிடும். 2007 கோடை விடுமுறைக்கு, "வூடு பாத்துட்டேன், ரெண்டு மாசம் ஒண்ணா இருக்கலாம்" என்று போனில் சொன்னார். அத்தா காலையில் எப்படிப் பல் துலக்குவார், எதற்குக் கோபப்படுவார் என்றெல்லாம் பார்க்கப்போகிறேன் என்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

எங்கள் ஊர் லெப்பைக்குடிக்காட்டில் நானும் அம்மாவும் காலை ஐந்துக்குக் கார் ஏறி, பெரம்பலூரில் டீ குடித்து, ஏழே காலுக்குத் திருச்சி விமான நிலையம் சேர்ந்தோம். வாடகை 1,100 ரூபாய்.

"பாப்பா, அங்க போயி தமிழ மறந்துடாத" என்றார் டிரைவர்.

"ரெண்டு மாசத்துலயாண்ணே?"

"என் மச்சான் ஒரே மாசத்துல என்னையே மறந்துட்டான்!"

விமானத்தில் நான்கு மணி நேரம். அட்லஸில் மஞ்சளாக இருக்கும் பாலைவனம் மேலிருந்து பார்க்கச் சாம்பல் நிறம்.

வெளியே நின்ற அத்தா என்னிடம் "வாங்கம்மா" என்றார், விருந்தாளியிடம் சொல்வதுபோல. டாக்ஸிக்கு இருபது திர்ஹம். லிப்ட் இல்லாத கட்டடம், மூன்றாம் மாடி. கதவைத் தட்டிவிட்டு, நாலு படி இறங்கி, முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

"நசீமா, வந்துட்டாங்கம்மா."

நசீமா அக்கா எங்கள் ஊர்க்காரர். கணவர் சவூதியில் லாரி ஓட்டுகிறார். அக்கா வெளி ஆண்கள் முன்னால் வரமாட்டார். அவர் வீட்டில் ஓர் அறைதான் எங்களுக்கு. அடுப்படி பொது.

"இத முன்னாடியே யோசிக்கலியா நீங்க?" என்று அம்மா படியிலேயே கேட்டார்.

"தெரியாத ஊர்ல உங்களத் தனியா எப்படி வெக்கிறது? நம்ம ஊருப் பொம்பள இருக்குன்னதும் நிம்மதியாயிட்டேன். என்னைப் பத்தி யோசிக்கல."

இரண்டு மாதத்துக்கும் பணம் கட்டியாகிவிட்டது. அத்தா கடைக்கு மேலிருந்த அறையிலேயே படுத்துக்கொண்டார்.

வெள்ளிதோறும் ஜும்ஆ தொழுகை முடிந்து பரோட்டாப் பொட்டலத்தோடு வருவார். மூவரும் படியில் உட்கார்ந்து சாப்பிடுவோம். "அண்ணே, உள்ள வாங்க, நான் ரூமுக்குள்ள போயிக்கிறேன்" என்று கதவுக்குப் பின்னாலிருந்து நசீமா அக்கா கூப்பிட்டுப் பார்த்தார்.

"ஒன் வூட்லயே ஒன்னை ஒளிய வெக்கிறதா? வேணாம்மா."

அக்கா நல்லவர். அத்தாவும் நல்லவர். அதனால்தான் யாரையும் திட்டக்கூட முடியவில்லை.

போகிறவர்கள் பருத்தி உடை எடுத்துச் செல்லுங்கள். மே மாத வெயில் நம்மூர் வெயிலைவிடக் கொடுமை. வீடு பார்த்தாச்சு என்று உங்கள் அத்தா சொன்னால், அங்கே வேறு யார் இருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு டிக்கெட் எடுங்கள். நான் எத்தனை அறை என்று மட்டும்தான் கேட்டேன்.

கடைசி வெள்ளிக்கிழமை இரவு அம்மா பெட்டி கட்ட உள்ளே போனபின் நானும் அத்தாவும் மட்டும் இருந்தோம்.

"நல்லாப் படிக்கணும்" என்றார்.

"படிக்கிறேன்த்தா."

போனிலும் இதைத்தான் பேசுவோம். வேறு ஏதாவது கேட்பார் என்று காத்திருந்தேன். அவரும் எழுந்திருக்கவில்லை. பத்து மணிக்குக் கீழேயிருந்த வாட்ச்மேன் படிக்கட்டு விளக்குகளை அணைத்தார்.