முயலுக்கு வைத்த சந்தனப் பொட்டு

ஆயுத பூஜையன்று மத்தியானம் மூன்று முயலுக்கும் டெம்பரேச்சர் ஏறிவிட்டது. சலைன் பேட்ச் ஃபெயில்.

சோமனூர் பக்கம் எங்கள் கம்பெனி. ஆஸ்பத்திரிகளில் நரம்பில் ஏற்றுகிற சலைன் பாட்டில் தயாரிப்போம். ஒவ்வொரு பேட்சிலும் கொஞ்சம் எடுத்து முயலின் காது நரம்பில் ஏற்ற வேண்டும். முயலுக்குக் காய்ச்சல் வந்தால் மருந்தில் கோளாறு. அனிமல் ஹவுஸ் டெக்னீஷியனாக இருபத்தோரு வருஷம் இதைச் செய்தவள் நான். கழுத்தைப் பெட்டியில் மாட்டி, பின்பக்கம் தெர்மாமீட்டர் செருகி, மணிக்கணக்கில் அப்படியே வைத்திருப்போம். முயல் கத்தாது. கத்தியிருந்தால் முதல் வாரமே வேலையை விட்டிருப்பேன்.

அன்று காலை, பாட்டில்களை நீராவியில் சுத்திகரிக்கிற ஆட்டோகிளேவ் முதல் ஸ்டேப்ளர் வரை எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தோம். என் கை சும்மா இருக்குமா? முயல்களின் நெற்றியிலும் சந்தனம், குங்குமம் வைத்துவிட்டேன். அவையும் எங்கள் எக்விப்மென்ட்தானே என்று நினைப்பு. பின்னாலேயே சாம்பிராணிப் புகையும் மணியுமாக ஒரு பட்டாளம் உள்ளே வந்துபோனது. முயல்கள் மிரண்டு மூலையில் ஒண்டின. அவசரச் சரக்கு என்பதால் அன்றைக்கே டெஸ்ட்.

மேனேஜர் பழனிச்சாமி சார், ரூல்படி இன்னும் ஐந்து முயலை மாட்டச் சொன்னார். வாயைத் திறந்தால் வேலை போகலாம். ஆனால் அந்த ஐந்தையும் பெட்டியில் திணிக்க அன்று எனக்குக் கை வரவில்லை.

"சார், தப்பு மருந்துல இல்லீங்க. பொட்டு வெச்சு, பொகை போட்டு, நாந்தான் மெரள வெச்சுப்போட்டனுங்க."

"மொசலுக்குப் பொட்டு வெச்சீங்களா, அம்மணி?"

"ஆமாங்க. பயந்தாலே இதுக்குச் சூடு ஏறுதுங்க. அப்ப இத்தன வருசமா நாம மருந்தப் பாத்தமா, இதோட பயத்தப் பாத்தமாங்க?"

சார் பேட்சை நிறுத்திவைத்து வெளி லேபுக்கு அனுப்பினார். அங்கே முயலே இல்லாமல் கண்ணாடிக் குழாயிலேயே டெஸ்ட் செய்தார்கள். மருந்து சுத்தமாக இருந்தது.

குழாய் டெஸ்ட் இருப்பது எங்களுக்கு முன்பே தெரியும். கஸ்டமர் முயல் ரிப்போர்ட்தான் கேட்கிறார் என்று நாங்கள் சொல்வோம். கம்பெனி அதைத்தானே தருகிறது என்று கஸ்டமர் சொல்வார். மருந்துத் தொழிலில் பாதிப் பழக்கம் இப்படித்தான் ஓடுகிறது. புதிதாக லேபில் சேருகிற பிள்ளைகள் இதையாவது என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்: வழக்கம் என்று யாராவது சொன்னால், அதனால் யாருக்கு வலிக்கிறது என்று கேட்டுவிடுங்கள். நான் கேட்க இருபத்தோரு வருஷம் ஆயிற்று. வெட்கமாக இருக்கிறது.

பேப்பர் வேலையெல்லாம் முடிந்து நாங்களும் குழாய்க்கு மாறினோம். வேலையில்லாத முயல்களை ஊசி போட்டு முடித்துவிடுவதுதான் நடைமுறை. நான் விடவில்லை. லேப் விலங்குகளைக் கண்காணிக்கிற கமிட்டியிலிருந்த கால்நடை டாக்டரின் பின்னாலேயே அலைந்து கையெழுத்து வாங்கி, பதினொரு முயலையும் வெள்ளகோவிலில் இருக்கும் எங்கள் தோட்டத்துக்குக் கொண்டுபோனேன். நாய் நுழையாதபடி வேலி தயாராக இருந்தது. சாரும் கூட வந்தார்.

மண்ணில் விட்டதும் எல்லாம் அசையாமல் நின்றன. பிறந்ததிலிருந்து கூண்டுக் கம்பிமேல் நின்ற கால்கள். பிறகு ஒன்று மண்ணைப் பறித்துப் பார்த்தது. இன்னொன்று திடீரென்று ஓர் ஆள் முழங்கால் உயரம் எகிறி, அந்தரத்திலேயே திரும்பி விழுந்தது. உடனே மற்றதுகளும் ஆரம்பித்துவிட்டன.

"ஏனுங்க அம்மணி, இதுக இப்படிக் குதிக்குமுங்களா?" என்றார் சார், வாயெல்லாம் பல்லாக.

நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தேன். அவற்றின் உடம்புச் சூட்டைப் புள்ளி பிசகாமல் சொல்லத் தெரிந்த எனக்கு, முயல் சந்தோஷப்பட்டால் என்ன செய்யும் என்பது அன்றுதான் தெரிந்தது.