நஸீமா ஆபா தள்ளிப் பார்த்த கதவுகள்

பேரணாம்பட்டில் ஒரு வீட்டுச் சமையலறையில், அலமாரிக் கீல்களில் கரப்பான் மருந்தைப் பொட்டுப் பொட்டாக வைத்துக்கொண்டிருந்தபோது அந்த அழைப்பு வந்தது. அக்கா என்ற பொருளில் நான் 'ஆபா' என்று கூப்பிடும் நஸீமாவின் மகள். "ஆன்ட்டி, அம்மி போய்ட்டாங்க" என்றாள். காலையில் டீ போட எழுந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள் முடிந்துவிட்டது. வீட்டம்மா என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். பாத்திரங்கள் எல்லாம் கூடத்தில் இறக்கிவைத்தபடி கிடந்தன. அப்படியே விட்டுப் போனால் ஆபா திட்டுவார் என்று தோன்றியது. மிச்ச அலமாரிகளையும் முடித்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன். அடக்கத்துக்குக் கொண்டு போகும் முன் முகம் பார்க்கக் கிடைத்தது.

ஆம்பூர்ப் பக்கம் எங்களை 'மருந்தடிக்கிற அக்காங்க' என்று அறிந்தவர்கள் பலர் இதைப் படிப்பீர்கள். நாங்கள் அந்த வேலைக்கு வந்த கதை சிலருக்குத் தெரியாது. நானும் ஆபாவும் ஒரே ஷூ ஃபேக்டரியில் இருந்தோம். அவர் தையல் பிரிவில், நான் பி.காம். படித்துவிட்டு ஆபீஸில். ஆர்டர் குறைந்து ஆட்களைக் குறைத்தபோது இருவரும் சேர்ந்தே வெளியே வந்தோம். அந்தச் சமயம் ஆபா வீட்டில் மூட்டைப்பூச்சி. மருந்தடிக்க வந்த ஆண்கள், பகலில் வீட்டில் பெண்கள் மட்டுமே இருந்ததால் வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். அன்று மாலையே ஆபா என்னைத் தேடி வந்தார்.

"கலை, ஊர்ல பாதி வீட்ல இதே பேஜார் தான். ஆம்பளைங்க ஃபேக்டரிக்குப் போய்டறாங்க. நாம போனா அடுப்பங்கரை வரைக்கும் உள்ள விடுவாங்க."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பயிற்சிக்கும் உரிமத்துக்கும் என்னையும் இழுத்துக்கொண்டு அலைந்தார்.

கரப்பானை வெறுங்கையால் தள்ளுகிறவருக்குப் பல்லி என்றால் குலை நடுங்கும். சுவரில் ஒன்று தெரிந்தால் மருந்துக் கருவியை வைத்துவிட்டு வெளியே போய்விடுவார். "இன்னா ஆபா, பூச்சி பிடிக்கிற நீங்களே ஓடினா எப்படி?" என்று வீட்டுக்காரப் பெண்கள் கிண்டல் செய்வார்கள். "கரப்பான் என் டிபார்ட்மென்ட். பல்லி கலை டிபார்ட்மென்ட்" என்று தெருவிலிருந்தே குரல் கொடுப்பார். நான் துடைப்பத்தால் அதை ஜன்னல் வழியே விரட்டிய பிறகுதான் உள்ளே வருவார்.

எந்த வீட்டிலும் அவர் கேட்கும் முதல் கேள்வி ஒன்றே: "இங்க யாரு தரையில படுக்கறாங்க?" எந்த மருந்து, எத்தனை நேரம் வீட்டைப் பூட்டிவைக்க வேண்டும் என்பதெல்லாம் அதன் பிறகு. புது வீடு கட்டியவர்கள் இதற்கு உண்மை சொல்ல மாட்டார்கள். கட்டில் வாங்கிப் போட்ட வீட்டில் தரையில் படுக்கிறோம் என்று எப்படிச் சொல்வது? "எல்லாரும் கட்டில்ல தான்" என்பார்கள். ஆபா தலையாட்டிவிட்டு ஒவ்வொரு அறைக் கதவையும் தள்ளி, அதன் பின்புறம் எட்டிப் பார்ப்பார். பெரும்பாலும் அங்கே ஒரு கோரைப்பாயைச் சுருட்டிச் சாத்தியிருப்பார்கள். பாகாயத்தில் ஒரு வீட்டில் பாய்க்குள் குழந்தையின் ரப்பர் ஷீட்டும் இருந்தது. பிரசவத்துக்கு வந்த மகள், டைல்ஸ் குளுகுளுவென்று இருக்கிறது என்று பிள்ளையோடு தரையில் படுத்திருந்தாள். அன்று மருந்தடிக்காமல் வந்தோம். அவள் மாமியார் வீட்டுக்குப் போன பிறகுதான் அடித்தோம்.

அந்தப் பழக்கத்தால்தான் பெரிய லேஅவுட் ஒன்று எங்கள் கையை விட்டுப் போனது. நெடுஞ்சாலையோரம் தென்னந்தோப்பை அழித்து வரிசையாக வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். தோப்பு போனாலும் வேர்கள் மண்ணுக்குள்ளேயே கிடந்தன. கரையான் புதுக் கதவு நிலைகளில் ஏறத் தொடங்கியிருந்தது. டைல்ஸ் பதிப்பதற்கு முன் சுவரோரம் துளை போட்டு மருந்து இறக்க வேண்டும். எங்களுக்கு அதுவரை கிடைத்ததிலேயே பெரிய வேலை. "எல்லாம் காலி வீடுங்க" என்றார் சூப்பர்வைசர். ஆபா முதல் வீட்டின் கதவைத் தள்ளினார். பின்னால் பாய்கள். அடுத்த வீட்டிலும் அப்படியே. கட்டட வேலைக்கு வடக்கிலிருந்து வந்த குடும்பங்கள் அங்கே தங்கியிருந்தன. அவர்களிடம் உர்தூவில் பேசிவிட்டு வந்து, மருந்து டிரம் மேல் உட்கார்ந்துகொண்டார்.

"இவங்களுக்கு வேற இடம் காட்டுங்க. அப்புறம் அடிக்கிறேன்."

"இன்னாம்மா, வேலைக்கு வந்தீங்களா, சென்சஸ் எடுக்க வந்தீங்களா?"

"ரெண்டுக்கும் தான்."

மதியம் வரை எழுந்திருக்கவில்லை. அவர்கள் வேறு ஆட்களை வரவழைத்துக்கொண்டார்கள். திரும்பும்போது பஸ்ஸில் நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். குடியாத்தம் சாலைத் திருப்பத்தில் ஆபா என் தோளைத் தட்டினார்.

"வருத்தம் எனக்கும் இருக்குது கலை. ஜாஸ்தியாவே இருக்குது. ஆனா அடிச்சிட்டு நாம வீட்டுக்குப் போய்டுவோம். அவங்க அங்கயே தான தூங்கணும்?"

அந்தக் கோடையில் வேலை குறைவாகவே வந்தது. அதை ஒருநாளும் அவர் மறைத்துப் பேசியதில்லை.

போன வாரம் அதே சூப்பர்வைசர் கூப்பிட்டார். பக்கத்து நிலத்திலும் வீடுகள் எழும்பிவிட்டன, அங்கேயும் கரையான். இரங்கல் சொன்னார். பிறகு, "அந்தம்மா இல்லியே மேடம். இனிமே வேலை சீக்கிரம் முடியும்ல?" என்றார். போனை வைத்துவிட்டேன். ஆனாலும் போனேன். ஆபா போன பிறகு இந்தத் தொழிலை நான் ஒருத்தியாக நடத்த முடியுமா என்பது அந்த ஒரு வேலையில் தொங்கிக்கொண்டிருந்தது.

அவருடைய கையுறைகளை மகள் என்னிடம் கொடுத்திருக்கிறாள். என் கைக்குப் பெரிது, பையிலேயே கிடக்கின்றன. முகக்கவசத்தில் இன்னும் அவர் பூசும் அத்தர் வாசனை. அவற்றை நான் வைத்திருப்பேன். ஆனால் அவரிடமிருந்து என்னோடு வந்தது எது என்று அந்த வாசலில் நின்றபோதுதான் தெரிந்தது.

"காலி வீடு தான் மேடம்" என்றார் சூப்பர்வைசர்.

கதவைத் தள்ளினேன். பின்னால் பாய் இருந்தது. அதன் மேல் காயப்போட்ட சின்னச் சட்டை ஒன்று.

டிரம்மைக் கீழே இறக்கி அதன் மேல் உட்கார்ந்தேன்.

"நீங்களுமா மேடம்?"

"ஆமா சார். நானும் தான்."