மண்டி ஆப்பரேஷன்

எனக்கு முன்கோபம் அதிகம். மைசூரில் இருபது வருஷமாகப் பள்ளிப் பெண்களுக்கு த்ரோபால் சொல்லிக்கொடுக்கிறேன். விசிலைவிட என் குரலுக்குத்தான் பிள்ளைகள் பயப்படுவார்கள். அப்படிப்பட்டவளைக் கட்டிலில் போட்டது, வலது முழங்காலுக்குள் விழுந்த ஒரு குழி.

எலும்பின் நுனியை மூடியிருக்கும் குருத்தெலும்பு ஓரிடத்தில் பெயர்ந்துபோயிருந்தது. அதில் ரத்த ஓட்டம் கிடையாது, அதனால் தானாக ஆறாது என்றார் டாக்டர். முதலில் சின்னத் துளை போட்டு, நல்ல இடத்திலிருந்து உளுந்தளவு குருத்தெலும்பை எடுத்தார்கள். அதிலிருந்த செல்களை ஆய்வகத்தில் சில வாரம் வளர்த்துப் பெருக்கினார்கள். பிறகு மறுபடி முழங்காலைத் திறந்து அவற்றைக் குழியில் வைத்து மூடினார்கள். ஆறு வாரம் காலை ஊன்றினால் எல்லாம் வீண் என்று டாக்டர் மூன்று முறை சொன்னார். முகத்தைப் பார்த்தே ஆளை எடைபோட்டுவிட்டார் போல.

ஹனூர் பக்கம் கௌதள்ளியில் விவசாயம் பார்க்கும் என் அண்ணன் என்னைவிட இரண்டே வயது மூத்தவன். என்னோடு பேசி அப்போது நாலு வருஷம் ஆகியிருந்தது. அம்மா இறந்த அன்று நான் பிள்ளைகளோடு வெளியூர்ப் போட்டிக்குப் போயிருந்தேன். "பெத்தவ சாவறப்ப பக்கத்துல இல்லாதவளுக்கு இங்க என்ன வேல?" என்று பந்தலில் எல்லார் முன்னாலும் கேட்டான். நான் திருப்பிக் கேட்டதும் கொஞ்சநஞ்சமல்ல. வெளியே வீம்பாக இருந்தேனே தவிர, அவன் சொன்னது சரிதான் என்றே உள்ளுக்குள் நம்பினேன். அவன் இனி பேசவே மாட்டானோ என்ற பயமும் இருந்தது.

எனக்குத் தெரியாமல் என் மகள் அவனுக்குப் போன் செய்துவிட்டாள். காலேஜில் படிக்கிறாள், தமிழைவிடக் கன்னடம்தான் அவளுக்கு நன்றாக வரும். "மாமா, அம்மாக்கு மண்டி ஆப்பரேஷன் ஆய்த்து" என்றிருக்கிறாள். கன்னடத்தில் மண்டி என்றால் முழங்கால். மிளகாய்க் காட்டில் சிக்னல் விட்டுவிட்டு வர, அவன் காதில் விழுந்தது மண்டை.

மறுநாள் முதல் பஸ் பிடித்து, மைசூர் விஜயநகரில் என் வீட்டை விசாரித்து வந்து நின்றான். வாசற்படியிலிருந்தே என் தலையைப் பார்த்தான்.

"கட்டு எங்க?"

நான் போர்வையை விலக்கி முழங்காலைக் காட்டினேன்.

"முட்டியா? முட்டிக்கா நான் பச்சத்தண்ணி குடிக்காம ஓடியாந்தேன்?"

"வான்னு யாரு கூப்ட்டா?" என்றேன். சொன்ன கணமே நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவன் திரும்பிப் படியிறங்கிவிட்டான்.

சின்ன வயதிலிருந்து எங்கள் சண்டையெல்லாம் இப்படித்தான். அவன் கோபித்துக்கொண்டு போவான், நான் கத்திக்கொண்டே பின்னால் ஓடிப் பிடித்துவிடுவேன். பழக்க தோஷத்தில் காலைக் கட்டிலிலிருந்து இறக்கிவிட்டேன். பாதம் தரையைத் தொடப்போன சமயம் டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. பதினெட்டு நாள்தான் ஆகியிருந்தது. இப்போது விட்டால் அவன் திரும்பி வரமாட்டான் என்றும் தெரிந்தது. காலை மேலே இழுத்துக்கொண்டேன். அண்ணனைவிட முட்டி பெரிதாகப் போய்விட்டதே என்று வெட்கமாக இருந்தது. கத்தக்கூட வாய் வரவில்லை.

கேட் வரை போனவன் திரும்பி வந்தான்.

"என்ன புள்ள, சத்தத்தயே காணோம்?"

"கால ஊணக் கூடாதுண்ணா. என்ற செல்லயே எடுத்து வளத்தி, உள்ள வெச்சிருக்காங்க. அது புடிக்கோணும்."

அவன் முழங்காலை உற்றுப் பார்த்தான். மிளகாய் போடுகிற ஆள். நான் அதற்குமேல் விளக்கவேண்டியிருக்கவில்லை. "நாத்து வுட்டு நட்டிருக்காங்க. அப்பறம் எப்படிக் கால வெப்ப?" என்று சொல்லிவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். மகள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். சொம்பைக் காலி செய்துவிட்டு, அதைக் கீழே வைக்காமல் கையிலேயே வைத்திருந்தான்.

"அம்மா செத்தன்னைக்கு நானும் ஊட்ல இல்ல புள்ள" என்றான். "ஒரம் வாங்க ஹனூர் போயிருந்தேன். உங்கண்ணி மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு உள்ள வந்து பாத்தா, முடிஞ்சு போச்சு. அத ஒருத்தர்கிட்டயும் சொல்ல முடியல. உன்னயத் திட்டிட்டேன்."

நாலு வருஷக் கோபத்தில், ஊன்றுகோல் கைக்கெட்டியிருந்தால் வீசியிருப்பேன். ஆனால் கேட்டது வேறு.

"அப்ப அம்மா தனியாத்தான் போச்சாண்ணா?"

"ஆமா."

பந்தலில்கூட அழாதவன், சொம்பை மடியில் வைத்துக்கொண்டு அழுதான். என்னால் எழுந்து போக முடியவில்லை. எட்டிய மட்டும் கையை நீட்டி அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.