அண்ணிக்காக அண்ணன் திருத்திய ஸ்பீடோமீட்டர்

எங்கள் அண்ணன் காலமாகி ஓராண்டு நிறைவடையும் இந்நாளில் அவரைப் பற்றி நான்கு வரி எழுதித் தரும்படி உறவினர்கள் கேட்டார்கள். நல்லவர், பொறுமையானவர், குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவர் என்றெல்லாம் எழுதலாம். எல்லாம் உண்மைதான். ஆனால் அண்ணனின் கடைசி இரண்டு வருடங்கள் எப்படிக் கழிந்தன என்பது பலருக்குத் தெரியாது. கூடவே இருந்து பார்த்த தங்கை நான் ஒருத்திதான் என்பதால் அதையே எழுதுகிறேன்.

அண்ணன் மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். அப்பா இறந்தபோது அண்ணனுக்கு மீசை கூட முளைக்கவில்லை. படிப்பை நிறுத்திவிட்டுக் கண்டியில் ஒரு ஹாட்வெயார் கடையில் சேர்ந்தார். அந்தச் சம்பளத்தில்தான் அம்மாவும் நானும் சாப்பிட்டோம், நான் படித்தேன். பிறகு அண்ணியைக் கைப்பிடித்து, குண்டசாலையில் சிறிய வீடு கட்டிக் குடியேறினார். அவர்களுக்கு ஒரே மகன், பிரதீபன்.

கலியாண வீடொன்றுக்குப் போய்த் திரும்பிய வேன் புரண்டதில் பிரதீபன் போய்விட்டான். அதே வேனில் அண்ணியும் இருந்தார். “வேகமா போறீங்க தம்பி, மெதுவா போங்க” என்று டிரைவரிடம் அண்ணி திரும்பத் திரும்பச் சொன்னாராம். கூட இருந்தவர்கள் சிரித்தார்களாம். அன்றைக்குப் பிறகு அண்ணி பஸ்ஸிலும் ஏறவில்லை, திரீவீலரிலும் ஏறவில்லை.

அதற்காகத்தான் அண்ணன் அந்தக் காரை வாங்கினார். தன் வயதையொத்த பழைய இங்கிலாந்துக் கார். மைல் கணக்குக் காட்டும் வட்ட மீட்டர், நடுவில் மெல்லிய முள். “இதுக்கு நெனச்சாலும் வேகமா ஓட முடியாது. நீ பக்கத்துல ஒக்காந்து முள்ளையே பாத்துக்கிட்டு வா. இருபத்தஞ்ச தாண்டுனா சொல்லு” என்று அண்ணியிடம் சொன்னார். அண்ணி பல மாதங்கள் யோசித்துத்தான் ஏறினார். கண்டிப் பிள்ளையார் கோயிலுக்கும் கண் டொக்டரிடமும் இருவரும் போய் வந்தார்கள். வழி முழுக்க அண்ணி வெளியே பார்த்ததே இல்லை. பின்னால் வரும் பஸ்காரர்கள் ஹோன் அடித்துத் திட்டினாலும் அண்ணன் இருபத்தைந்தைத் தாண்டியதில்லை.

நாட்டில் சாமான் கிடைக்காத காலத்தில் காரின் டயர்கள் நான்கும் தேய்ந்து போயின. அதே அளவு டயர் எங்கும் கிடைக்கவில்லை. தேடி அலுத்து, சற்றுப் பெரிய டயர்களைப் போட்டுக்கொண்டு வந்தார். அடுத்த வெள்ளிக்கிழமை மூவரும் கோயிலுக்குப் புறப்பட்டோம். நான் பின் சீட்டில் இருந்தேன்.

“ஏங்க, வேகமா போறீங்க” என்றார் அண்ணி.

“இல்லம்மா. முள்ளப் பாரு, இருபத்தஞ்சுதான்.”

“முள்ளு என்ன காட்டுனாலும் எனக்குத் தெரியுதுங்க. நிப்பாட்டுங்க.”

“இந்தா, கோயில் வந்துருச்சு. நீ முள்ளப் பாரு.”

கோயில் வாசலில் இறங்கிய அண்ணி திரும்பும்போது காரில் ஏற மறுத்துவிட்டார். குண்டசாலை வரைக்கும் நடந்தே வந்தார். நானும் கூட நடந்தேன். அண்ணன் காரை மெல்ல உருட்டிக்கொண்டு பின்னால் வந்தார்.

மறுநாள் அண்ணன் என் கையில் போனைக் கொடுத்து, வேகம் காட்டும் பக்கத்தைப் பார்த்துச் சொல்லச் சொன்னார். திகன ரோட்டில் முள்ளை இருபத்தைந்தில் நிறுத்தி ஓட்டினார். அது நாற்பது கிலோமீட்டர் ஆக வேண்டும். போனில் நாற்பத்தைந்து இருந்தது. நான் சொன்னதும் அண்ணன் காரை ஓரமாக நிறுத்திவிட்டார். ஸ்டியரிங்கைப் பிடித்த கைகள் அப்படியே இருந்தன.

“அவ சரியாத்தான் சொல்லியிருக்கா. நானும் கேக்கலயே” என்றார்.

வீட்டுக்கு வந்து, டிக்கியில் கிடந்த பழைய அளவு ஸ்பெயார் டயரை வெளியே எடுத்தார். சோக்கால் கோடு போட்டு முற்றத்தில் ஒரு சுற்று உருட்டினார். புதிய டயரையும் அப்படியே உருட்டினார். பெரிய டயர் ஒரு சுற்றில் அதிக தூரம் போனது. மீட்டருக்கோ சுற்றுத்தான் தெரியும், தூரம் தெரியாது. அதனால் குறைவாகக் காட்டியிருக்கிறது. அண்ணன் முள்ளைக் கழற்றிச் சற்றுத் தள்ளி மாட்டிப் பார்த்தார். இருபத்தைந்தில் சரியாக வந்தது. மற்ற வேகங்களில் தப்பாகக் காட்டியது. கார் நின்ற பிறகும் முள் பூச்சியத்துக்கு இறங்கவில்லை.

பழைய மீட்டர்கள் திருத்தும் ஒரு முஸ்லிம் நானா அலவத்துகொடையில் இருப்பதாக யாரோ சொல்ல, மீட்டரைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போனோம்.

“முள்ளத் தள்ளி வெச்சா ஒரு வேகத்துக்குத்தான் சரி வரும், தம்பி. மீட்டருக்கு வார கேபிள் சுத்துற சுத்தக் கூட்டோணும். அதுக்கு நடுவுல சின்னதா ரெண்டு பல்லுச் சக்கரம் கடஞ்சு போடோணும். கொஞ்சம் நாள் எடுக்கும்” என்றார் நானா.

“எவ்வளவு நாள் எடுத்தாலும் பரவாயில்ல நானா. எல்லா வேகத்துக்கும் உண்மையக் காட்டணும்.”

அளவான பித்தளை கிடைக்காமலும், கடைந்த முதல் சக்கரங்கள் பொருந்தாமலும் மாதங்கள் போயின. அண்ணன் சலிக்காமல் போய் வந்தார். கடைசியில் நானாவே வீட்டுக்கு வந்து பூட்டிக் கொடுத்தார். மறுபடி திகன ரோட்டில் ஓட்டினோம். முள் எங்கே நின்றாலும் போன் அதற்குரிய கிலோமீட்டரையே சொன்னது. அண்ணன் அப்படிச் சிரித்து நான் பார்த்துப் பல வருடங்கள் ஆகியிருந்தன.

வீட்டு வாசலில் காரை நிறுத்தி, முன் கதவைத் திறந்து பிடித்தார். “வா. இனி பொய் காட்டாது. தங்கச்சியக் கேட்டுப் பாரு” என்று அண்ணியைக் கூப்பிட்டார்.

அண்ணி அருகில் வந்து கதவில் கை வைத்தார். மீட்டரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“எனக்காக எவ்வளவு அலைஞ்சீங்கன்னு தெரியும்ங்க. ஆனா அன்னைக்கு நிப்பாட்டச் சொன்னப்ப நீங்களும் நிப்பாட்டல.”

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அண்ணன் திறந்த கதவைப் பிடித்தபடி நின்றார்.

அதற்குப் பிறகு அண்ணன் அவரை வற்புறுத்தவே இல்லை. அண்ணி கடைக்கு நடந்தால் கூடவே நடந்தார், கோயிலுக்கு நடந்தால் கோயிலுக்கும் நடந்தார். நெஞ்சு வலிப்பதை யாருக்கும் சொல்லவில்லை.

அவர் விழுந்த காலையில் பக்கத்து வீட்டுச் சுமனா அக்காவின் கணவர்தான் அந்தக் காரை ஓட்டினார். நான் பின்னால் அண்ணனைத் தாங்கிக்கொண்டிருந்தேன். அண்ணி ஒரு காலை உள்ளே வைத்தார். காலை எடுத்துவிட்டார். நாங்கள் அவரை விட்டுவிட்டுப் போனோம்.

மறுநாள் பார்வை நேரத்தில் அண்ணியும் சுமனா அக்காவும் வார்டுக்குள் வந்தார்கள்.

“எதுல வந்த?” என்று கேட்டார் அண்ணன்.

“நடந்துதான்.”

“இவ்வளவு தூரமா? எதுக்கும்மா?”

“நீங்க இங்கதானே இருக்கீங்க.”

அண்ணன் அழுதுவிட்டார். “நீ சொன்ன ஒடனே நிப்பாட்டியிருக்கணும்” என்றார். அண்ணி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பரவாயில்லை என்று ஒரு வார்த்தை சொல்வார் என நான் காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. சொல்ல முடிந்திருந்தால் சொல்லியிருப்பார்.

அடுத்த நாளும் அவர்கள் நடந்து வந்தார்கள். அவர்கள் தென்னக்கும்புரப் பாலத்தருகே வரும்போது வார்டில் அண்ணன் போய்விட்டார். அண்ணி வந்து முகத்தைப் பார்த்தார், திரும்பி நடக்கத் தொடங்கினார். பிற்பகலில் அண்ணனை ஏற்றிக்கொண்டு வந்த வாகனம் பாதி வழியில் அவர்களை எட்டியது. நிறுத்தச் சொல்லி நான் இறங்கினேன். அண்ணி ஏறவில்லை.

“மெதுவா கொண்டு போகச் சொல்லுங்க” என்றார். அவ்வளவுதான். அண்ணி வீட்டுக்கு வந்து சேரும்வரை அண்ணனைக் கூடத்தில் வைத்துக் காத்திருந்தோம்.

எங்களுடன் நின்றவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். இரண்டு நாளும் அண்ணியோடு நடந்த சுமனா அக்காவுக்கும் அவர் கணவருக்கும், தன் வீட்டுச் சாவுபோல் முதல் ஆளாக வந்து நின்ற அலவத்துகொட நானாவுக்கும், மடுல்கெல்லயிலிருந்து வந்த சொந்தங்களுக்கும் எங்கள் கைகள் கூப்பியே இருக்கின்றன.

திதியை, வாகனங்கள் வந்து நிற்கும் கண்டிக் கோயிலில் வைக்காமல் வீட்டிலேயே வைப்பதன் காரணம் இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். ஒரு வேண்டுகோள் மட்டும். வருகிறவர்கள் தயவுசெய்து வாகனங்களைச் சந்தியிலேயே நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள். வாசலில் ஒரு வாகனம் வந்து நின்றால், அது யாருடையதாக இருந்தாலும், அண்ணி எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார்.