சந்தோஷப் புத்தகத்தில் கமாலுதீன்

கமாலுதீனிடம் யார் போய் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டாலும் ஒரே பதில்தான்: "ஏதோ இருக்கேன்." நன்றாக இருக்கிறேன் என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்ததே இல்லை. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்று நம்பிய மனிதர். மூத்த மகளுக்குச் சுகப்பிரசவமான அன்றுகூட முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டுதான் சீனி வழங்கினார்.

கடையநல்லூரில் தறித்தொழில் படுத்துவிட, இருபத்து மூன்றாவது வயதில் கப்பலேறிப் பினாங்குக்கு வந்தவர். துறைமுகத்தை ஒட்டிய வெல்ட் கீ சாலையோரத்தில் ஒரு பாக்குக் கிட்டங்கியில் மூட்டை தூக்கும் வேலை. கல்யாணம், நாலு பிள்ளைகள் எல்லாம் ஒரு மூட்டைக்கும் அடுத்த மூட்டைக்கும் நடுவே நடந்து முடிந்தன. நாற்பத்தாறு வயதில் வலது தோள் மக்கர் பண்ண ஆரம்பித்தது. தொழுகையில் தக்பீர் கட்டக் கையைத் தூக்கினால் காதுவரைக்கும் போகாது.

அந்தக் கிட்டங்கியில் உட்கார்ந்து செய்கிற கூலி வேலை ஒன்றே ஒன்றுதான். தராசுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, எடையைக் கூவிச் சொல்ல வேண்டும். அந்த முக்காலியில் இருந்த சுலைமான் நோன்புக்குள் ஊருக்குத் திரும்புகிறார். அடுத்து கமாலுதீன்தான் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். இருப்பவர்களில் மூத்தவர், தோள் போனவர், வேறு யாருக்குக் கொடுப்பார்கள்? அந்த முக்காலி கிடைக்காவிட்டால் இன்னும் ஒரு வருடம் தாங்காது என்று கமாலுதீனுக்கு மட்டும் தெரியும்.

இந்த நேரம் பார்த்துத்தானா சீமையிலிருந்து புதுத் துரை வந்து இறங்க வேண்டும்? வந்தது 1927இல். பெட்டியில் ஒரு புத்தகமும் கூடவே வந்தது. சிரித்த முகத்தோடு தூக்கினால் மூட்டை கனக்காது என்று அதில் எழுதியிருந்ததாம். எழுதிய புண்ணியவான் மூட்டையைப் படத்தில் பார்த்திருப்பான். கூரை ஒழுகுகிறது, பலகை வழுக்குகிறது என்று இனி யாரும் வாய் திறக்கக்கூடாது, மனம் வாடினால் உடம்பும் வாடும் என்று உத்தரவாயிற்று. கிட்டங்கியின் எழுத்து வேலையெல்லாம் பார்க்கும் கிராணி சொக்கநாதன் தினமும் காலையில் வாசலில் நின்று ஒவ்வொருவரையும் "சந்தோஷமா?" என்று கேட்டு, சந்தோஷப் புத்தகம் என்று ஒரு பேரேட்டில் எழுத வேண்டும். ஆமாம் என்றவனுக்குப் பத்து மணிக்குக் கோப்பியும் ரொட்டியும், இல்லை என்றவனுக்குத் துரையின் அறிவுரை. சொக்கநாதனுக்கே ஆறு மாதமாக மூலம். அவரை யாரும் கேட்கவில்லை.

முதல் நாள் கமாலுதீன் வழக்கம்போல "ஏதோ இருக்கேன்" என்றார்.

"பாய், அதுக்கு இதுல கட்டம் இல்ல. ஆமாமா, இல்லையா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

"இல்லைன்னா அல்லாவுக்கு நன்றி கெட்டவனாயிடுவேன். ஆமாம்னா கண்ணூறு பட்டுடும், கிராணி ஐயா."

"அப்ப உள்ள போய் அறிவுரை கேளுங்க."

அரை மணி நேரம் கேட்டார். அத்தனையும் இங்கிலீஷில்.

வீட்டில் அவர் மனைவி சித்தி ஹாஜரா பிடித்துக்கொண்டாள். பினாங்கிலேயே பிறந்தவள், பேச்சில் வெட்டு ஒன்று துண்டு இரண்டு. "துரை மனசு கோணினா முக்காலி கிடைக்குமா? சந்தோஷம்னு சொல்லிட்டுப் போங்க லா, மச்சான். வாய் தேஞ்சா போயிடும்?"

மறுநாளிலிருந்து சொன்னார். சொல்லிவிட்டுக் கண்ணூறு படாமலிருக்க மனத்துக்குள் மூன்று தரம் மாஷா அல்லாஹ். தோள் வலி கூடக்கூட அவர் சத்தமும் கூடிற்று. "ரொம்ப சந்தோஷம்" என்பார். சொக்கநாதன் அதற்குச் சிவப்பு மையில் அடிக்கோடு போடுவார். கடைசிவரை இல்லை என்றவன் ஹனீபா ஒருவன்தான். இருபத்தைந்து வயதுக் காளை, இரண்டு மூட்டையைச் சேர்த்துத் தூக்குவான். வெயில் அடித்தாலும் குறை, மழை பெய்தாலும் குறை.

சுலைமான் கப்பலேறினார். கமாலுதீன் சட்டையைச் சரிசெய்துகொண்டு துரைக்கு முன்னால் போய் நின்றார். துரை சந்தோஷப் புத்தகத்தைப் புரட்டி ஏதோ சொல்ல, சொக்கநாதன் தரையைப் பார்த்தபடி தமிழில் சொன்னார்.

"நூத்திப் பதினோரு நாள் ஒரு நாள்கூட விடாம சந்தோஷமா மூட்டை தூக்கியிருக்கீங்களாம். அப்படிப்பட்ட வேலையை உங்க கிட்டேருந்து பறிக்கிறது பாவம்ங்கிறார்."

"தோள் வலிக்குதுன்னு சொல்லுங்கய்யா."

சொன்னார். துரை சிரித்த முகத்தோடு புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார்.

"எந்தத் தேதியில வலிச்சுதுன்னு கேக்கறார், பாய்."

முக்காலி ஹனீபாவுக்குப் போயிற்று. கிட்டங்கியில் சந்தோஷமில்லாதவன் அவன் ஒருவன்தானே, அவனையும் சிரிக்க வைத்துவிட்டால் புத்தகம் நிறைந்துவிடும் என்பது துரையின் எண்ணம். அழுத பிள்ளை பால் குடிக்கும் என்று நம் ஆட்கள் சும்மாவா சொன்னார்கள்? கமாலுதீனுக்கும் கௌரவம் இல்லாமலில்லை. அவர் முகத்தைப் பார்த்து மற்றவர்கள் கற்றுக்கொள்ளட்டும் என்று மூட்டை வரிசையில் முதல் ஆளாக நிறுத்தினார்கள். ஹனீபா, முக்காலி ஆடுகிறது என்று முனகினான்.

அன்று அந்தி மக்ரிப் தொழுகைக்குப் பிறகு ஹாஜரா, "என்னாச்சு, மச்சான்?" என்று கேட்டாள்.

"துரைக்கு என் மேல ரொம்பப் பிரியம்" என்றார். அவள் எண்ணெயைச் சூடுகாட்டி எடுத்து வந்து, தூக்க முடியாத கையிலிருந்து சட்டையைக் கழற்றிவிட்டுத் தோளில் விரலை வைத்தாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார். நாலு மாதமாகப் பழகிய முகம் அப்படியே வந்து ஒட்டிக்கொண்டது.

"வலிக்குதுன்னு சொல்லுங்க. இங்க யாரும் எழுதல."

கமாலுதீன் சொன்னார். நாலு பிள்ளை பெற்ற மனிதர் குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டே, நூற்றுப் பதினோரு நாளையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். பாதி சொல்வதற்குள் இரவுத் தொழுகைக்கு இஷா பாங்கு சொல்லிவிட்டார்கள்.